தொங்கும் துளி, விழும் துளி

மேகத்தில் விழும் நீர்த்துளி எப்படி உறைகிறது என்பதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, விழாத துளிகளிடம் கற்றது. கண்ணாடி இழையில் தொங்கவிட்ட துளி, ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களுக்கு நடுவே இருத்திய துளி, புகைக்கரி பூசிய தட்டில் உட்காரவைத்த துளி, மின்புலத்தில் அந்தரத்தில் நிறுத்திய துளி. இவற்றிலிருந்து எடுத்த எண்களைத்தான் மேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் துளிக்கும் எழுதிவைத்திருக்கிறோம்.

அதனால என்ன, தண்ணி தண்ணிதானே என்று கேட்கலாம். உறையத் தொடங்கும் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் தொடங்கிய பிறகு துளிக்கு என்ன ஆகிறது, முழுசாக உறைகிறதா, விரிசல் விடுகிறதா, வெடித்துச் சில்லுகளாகச் சிதறுகிறதா என்று கேட்டால், துளியை எப்படிப் பிடித்துவைத்திருந்தோம் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறது. கடந்த அறுபது வருடப் பரிசோதனைகளில் சிலவற்றை இந்த ஒரு கண்ணோடு வாசித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரை.

முதலில் அடிப்படை. தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம்.

உறைதலின் இரண்டு கட்டங்கள்

தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்தோம். ஏற்கனவே பனிக்கட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீருக்கு அது சரி. தனியாக இருக்கும் சுத்தமான சின்னத் துளிக்கு, பனிப் படிகம் உருவாக ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். தூசி, களிமண் துகள், சில பாக்டீரியா என்று உறைகருவாக ஏதாவது கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் துளி 0 டிகிரிக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கும். சில பத்து மைக்ரான் அளவுள்ள சுத்தமான துளி, கிட்டத்தட்ட மைனஸ் 38 டிகிரிவரை தாக்குப்பிடிக்கும். பெரிய துளிகள் அதற்கு முன்பே உறைந்துவிடும் என்பதை 1953-இல் பிக் என்பவர் திருத்தமாக அளந்து காட்டினார். கொள்ளளவு கூடக்கூட உறைகரு ஒன்று உள்ளே இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது, அவ்வளவுதான்.

சரி, மைனஸ் 15 டிகிரியில் திரவமாக இருக்கும் துளி ஒன்றில் உறைதல் தொடங்கிவிட்டது. அடுத்து என்ன?

ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது சுமார் 334 ஜூல் வெப்பத்தை வெளியிடும். அதே ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4.2 ஜூல் போதும். இரண்டையும் வகுத்தால் 80. அதாவது மைனஸ் 15 டிகிரித் துளியில் 80-க்கு 15 பங்கு, ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு, உறைந்தாலே வெளிவரும் வெப்பம் மொத்தத் துளியையும் 0 டிகிரிக்கு ஏற்றிவிடும். இந்த முதல் கட்டம் சில மில்லிநொடிகளில் முடிகிறது. துளிக்குள் பனிக் கிளைகள் சடாரென்று ஓடிப் பரவும். தெளிவாக இருந்த துளி கலங்கிப்போகும்.

மிச்சமுள்ள ஐந்தில் நான்கு பங்குக்கு அவசரப்பட வழியில்லை. அது உறைய வேண்டுமானால் வெளியாகும் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்று வாங்கிக்கொண்டுபோக வேண்டும். அதனால் உறைதல் வெளியிலிருந்து உள்ளே போகிறது. முதலில் ஒரு பனி ஓடு; உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். பெருக்க இடமில்லை. உள்ளழுத்தம் ஏறுகிறது. ஓடு விரிசல் விடலாம், ஒரு கூர்முனை வழியாகத் தண்ணீரைப் பிதுக்கலாம், குமிழ் வெடிக்கலாம், அல்லது மொத்தமாக இரண்டு மூன்று துண்டுகளாகத் தெறிக்கலாம்.

இந்தச் சில்லுகளுக்கு ஏன் இவ்வளவு கவலை?

மேகங்களுக்குள் விமானம் பறக்கவிட்டு எண்ணியவர்கள் பல இடங்களில் ஒரே புதிரைச் சந்தித்தார்கள். காற்றில் இருக்கும் உறைகருக்களின் எண்ணிக்கையைவிட மேகத்தில் இருக்கும் பனித் துகள்களின் எண்ணிக்கை சில சமயம் ஆயிரம் மடங்கு, அதற்கும் மேல். அப்படியென்றால் ஒரு பனித் துகள் இன்னும் பலவற்றை எப்படியோ பெற்றுப்போடுகிறது. அதற்குச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று, உறையும் துளி உடைந்து சில்லுகள் வீசுவது. ஒவ்வொரு சில்லும் அடுத்த துளிக்கு உறைகரு.

ஒரு துளி சராசரியாக எத்தனை சில்லுகள் தரும் என்ற எண்ணில் மழை எவ்வளவு சீக்கிரம் இறங்கும், மேகம் எவ்வளவு நேரம் நீராகவே இருந்து வெயிலைத் திருப்பி அனுப்பும், பனித் துகள்கள் மோதி மின்னூட்டம் எங்கே பிரியும் என்பதெல்லாம் சிக்கியிருக்கிறது. இது துருவப்பக்கத்துச் சமாச்சாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊரிலும் தரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் 0 டிகிரி வந்துவிடும். ஐப்பசி இடிமேகம் அதைத் தாண்டித்தான் போகிறது.

விழுதல் என்றால் என்ன

விழுதல் என்பதைக் காற்றைப் பொறுத்துச் சொல்கிறேன். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலெழும் காற்றில், நொடிக்கு 1 மீட்டர் விழும் துளி தரையிலிருந்து பார்த்தால் மேலேதான் போகும். ஆனாலும் அது காற்றுக்குள் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. குளிர்ந்த இடத்துக்குப் போய்ச் சேரும் துளிகளில் பல இப்படி ஏறிக்கொண்டே விழுபவை.

இந்த விழுதல் மூன்று வேலைகள் செய்கிறது. ஒன்று, துளியை எதுவும் தொடுவதில்லை; இழையோ தட்டோ உறைதலைத் தொடக்கிவைக்கவும் முடியாது, வெப்பத்தைக் கடத்தவும் முடியாது. இரண்டு, எதிர்க்காற்று வெப்பத்தையும் ஆவியையும் வேகமாக வாரிக்கொண்டுபோகிறது. மூன்று, துளி சுழல்கிறது, புரள்கிறது. எந்தப் பக்கமும் நிரந்தரமாகக் காற்றுக்கு முகம் காட்டி நிற்பதில்லை. அதனால் ஓடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தடிக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது வேலைக்கு ஒரு தோராயக் கணக்கு. 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூறல் துளி, மைனஸ் 15 டிகிரி. அசையாத காற்றில் நிறுத்திவைத்தால் இரண்டாம் கட்ட உறைதலுக்குச் சுமார் 4 நொடி ஆகும். அதே துளி நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர் வேகத்தில் விழுந்தால் 2 நொடிக்கும் குறைவு. நேரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உள்ளழுத்தம் ஏறும் வேகமும் அதற்கேற்ப மாறும். பனி ஓடு தளர்ந்து கொடுப்பதற்கான அவகாசமும் மாறும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 0.02 மில்லிமீட்டர், அதாவது 20 மைக்ரான் மேகத்துளிக்கு இதே கணக்கைப் போட்டால் வித்தியாசமே வராது. அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் விழுகிறது. அந்த வேகத்தில் எதிர்க்காற்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. உறைதலும் நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஆகவே விழாத துளியைக் குறை சொல்லும் என் வாதம் எல்லாத் துளிக்கும் பொருந்தாது. தூறல் அளவிலிருந்து மேலே போகப் போகத்தான் அதற்குப் பலம். சங்கடம் என்னவென்றால், சில்லு வீசும் துளிகளும் அந்த அளவில்தான் இருக்கின்றன.

1960: இழையில் தொங்கிய துளி

மேசன், மேபேங்க் இருவரும் 1960-இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறையில் பெரிய அலையைக் கிளப்பியது. மேசன் சாதாரண ஆள் இல்லை. மேக இயற்பியலுக்கு 1957-இலேயே ஆதார நூல் எழுதியவர், பின்னாளில் பிரிட்டிஷ் வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கியவர். இழையில் தொங்கவிட்ட துளிகள் உறையும்போது ஏராளமான சில்லுகளை வீசுகின்றன, கூடவே மின்னூட்டமும் பிரிகிறது என்றார்கள். பனித் துகள் புதிருக்கும் மின்னல் புதிருக்கும் ஒரே கல்லில் விடை கிடைத்த மாதிரி.

1966-இல் சியாட்டிலில் டை, ஹாப்ஸ் இருவரும் இதைத் திரும்பச் செய்தார்கள். துளியைச் சுற்றிச் சாதாரணக் காற்று இருந்தபோது அவ்வளவு சிதறல் இல்லை. கார்பன் டை ஆக்சைடு இருந்தபோது சிதறியது. அந்த வாயு தண்ணீரில் காற்றைவிடப் பல மடங்கு கரையும். பனியோ அதை உள்ளே விடாது. குளிரூட்ட உலர்பனி, அதாவது திட கார்பன் டை ஆக்சைடு, புழங்கும் ஆய்வகத்தில் இது பக்கத்திலேயே இருக்கும் வில்லன். எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த சில்லுகளில் ஒரு பகுதி மேகத்தின் சில்லுகள் அல்ல, குளிரூட்டியின் சில்லுகள்.

இந்தக் கதையை வழக்கமாக "அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டது" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. வாயுவைத் திருத்தினார்கள். துளி இழையிலேயேதான் தொங்கியது. கார்பன் டை ஆக்சைடு இல்லாவிட்டால் சிதறல் குறைவு என்ற முடிவும் தொங்கும் துளியைப் பற்றிய முடிவுதான். அதிகப்படியான எண்ணைச் சந்தேகித்த அதே கண்டிப்போடு குறைவான எண்ணையும் சந்தேகித்திருக்க வேண்டும். பலர் அப்படிச் செய்யவில்லை. துளி சிதறல் பெரிய விஷயமில்லை என்று ஒதுக்கிவைக்கும் மனநிலை வந்துவிட்டது. 1974-இல் ஹாலெட்டும் மாசப்பும் மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரிக்குள் நடக்கும் வேறொரு வழியைக் காட்டியதும் கவனம் மொத்தமாக அந்தப் பக்கம் போயிற்று. மாடல்களிலும் பல காலம் அந்த ஒரு வழி மட்டுமே இருந்தது.

துளியை விடுவித்தவர்கள்

துளியை நிஜமாகவே விழவிட்டவர்களும் இருந்தார்கள். 1968-இல் ஹாப்ஸ், அல்கெஸ்வீனி இருவரும் 50 முதல் 100 மைக்ரான் விட்டமுள்ள துளிகளைக் குளிர்ந்த காற்றில் தடையின்றி விழச்செய்து, சில உடைவதைக் கண்டார்கள். அதே ஆண்டில் பிரவுன்ஸ்கோம், தார்ண்டைக் இருவரும் விழும் துளிகளின் சிதறலைப் பற்றி எழுதினார்கள். 1973-இல் பிட்டர், புருப்பாக்கர் இருவரும் காற்றுச் சுரங்கத்தில் கீழிருந்து மேலே காற்றைச் செலுத்தி, துளியை அதன் சொந்த விழுவேகத்திலேயே மிதக்கவைத்து உறையவிட்டார்கள். உறையத் தொடங்கிய துளி புரண்டு சுழல்வதை அவர்கள் பார்த்தார்கள். இழையில் கட்டிய துளிக்கு இந்தப் புரளல் வாய்க்கவே வாய்க்காது.

ஆனால் இவை எல்லாமே சிரமமான பரிசோதனைகள். விழும் துளி கேமராவின் சட்டகத்தில் நொடியில் நூறில் ஒரு பங்குகூட நிற்காது. காற்றுச் சுரங்கத்தில் துளியைத் தக்கவைப்பதே ஒரு வித்தை. ஆகவே கிடைத்த தரவும் கொஞ்சம். தொங்கும் துளியின் தரவு நிறைய. எது நிறைய இருக்கிறதோ அதுவே நூல்களில் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

2017: அழகான வெடிப்பு

2017-இல் நெதர்லாந்தில் வில்டுமான், ஸ்டெர்ல், சுன், லோசே ஆகியோர் செய்த பரிசோதனையின் வீடியோவைப் பார்க்காதவர்கள் தேடிப் பார்த்துவிடுங்கள். மில்லிமீட்டர் அளவுத் துளி, வெளியிலிருந்து உள்ளே உறைந்து, விரிசல் விட்டு, மூடி, மறுபடி விரிசல் விட்டு, கடைசியில் டமார். ஓடு பிளக்கும் கணத்தில் உள்ளே குமிழ்கள் தோன்றி மறைவதுகூடத் தெரிகிறது. அழுத்தம் எப்படிச் சேர்கிறது, எப்படித் தீர்கிறது என்பதற்கு அவர்கள் தந்த எளிய மாதிரியும் நல்ல இயற்பியல். 50 மைக்ரானுக்குக் குறைந்த ஆரமுள்ள துளிகள் வெடிப்பது அரிது என்பது அதன் கணிப்பு.

குறை என்ன? அந்தத் துளி புகைக்கரி பூசிய பரப்பில், காற்று உறிஞ்சப்பட்ட அறையில் உட்கார்ந்திருக்கிறது. தன் ஆவியாதலாலேயே குளிர்கிறது. நாம் கேட்ட கேள்வி குளிர்ந்த காற்றில் விழும் துளி. இங்கே காற்றும் இல்லை, விழுதலும் இல்லை. ஓடு ஒரே சீராக வளர வைப்பதற்கு வெற்றிடம் நல்ல வழிதான். உடைதலின் இயந்திரவியலைப் படிக்க அது போதும். ஆனால் கட்டுரை தன் முடிவுகள் மேகத்துளி, மழைத்துளி மாதிரிகளுக்குப் பயன்படும் என்று எதிர்பார்க்கிறது. அந்த இடத்தில் ஒரு பாலம் வேண்டும். 50 மைக்ரான் ஆரம் என்றால் 100 மைக்ரான் விட்டம். 1968-இல் தடையின்றி விழவிட்டபோது உடைந்தவை 50 முதல் 100 மைக்ரான் விட்டமுள்ள துளிகள். "அரிது" என்பதும் "சில உடைந்தன" என்பதும் நேரடியாக முரண்படாது, சரி. ஆனால் மாடல் எழுதுபவர் 100 மைக்ரானில் ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே பூஜ்யம் என்று எழுதினால், அந்தக் கோட்டுக்குக் கீழேதான் பழைய பரிசோதனை முழுக்க நிற்கிறது.

கார்ல்ஸ்ரூவில் வீசிய காற்று

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்தில் கிசெலெவ், லைஸ்னர் குழுவினர் கொஞ்ச காலமாகச் செய்துவரும் வேலையை நான் உயர்வாக மதிக்கிறேன். மின்னூட்டம் பெற்ற துளியை மின்புலத்தில் நிறுத்தி, அதிவேகக் கேமராவில் உறைதலைப் படம்பிடிக்கிறார்கள். 2018-இல் வந்த கட்டுரை, உடைதல், விரிசல், பீச்சல், குமிழ் வெடிப்பு என்று நிகழ்வுகளைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணியது. சிதறலா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியைவிட இது பெரிய முன்னேற்றம்.

2020-இல் அவர்கள் செய்ததுதான் முக்கியம். அதே நிறுத்தப்பட்ட 0.3 மில்லிமீட்டர் அளவுத் துளி. இம்முறை கீழிருந்து மேலாக ஈரக் காற்றை, துளியின் விழுவேகத்துக்கு ஈடாக, வீசவிட்டார்கள். அசையாத காற்றில் இருந்ததைவிட உடைதல் தெளிவாக அதிகரித்தது. நீர் அதே நீர், அளவும் குளிரும் அதே வகை. மாறியது காற்று. விழுதல் ஒரு பின்னணி விவரம் அல்ல, பரிசோதனையின் மாறிகளில் ஒன்று என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

இதிலும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. துளி மின்னூட்டம் பெற்றது. கேமராவின் பார்வைக்கு எட்டாத சில்லுகள் எண்ணிக்கையில் வராது. விரிசல் விடும் கணத்தில் எத்தனை நுண்துகள் பறந்தன என்பது ஊகமாகவே இருக்கிறது. உடைந்ததா என்பதற்கு உறுதியான பதில், எத்தனை சில்லு என்பதற்கு அப்படி இல்லை. மாடலுக்குத் தேவைப்படுவதோ இரண்டாவது பதில்.

கூட்டிப்போட்ட சூத்திரம்

கடைசியாக, இந்த எண்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்க்கலாம். 2018-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப்ஸும் சகாக்களும் உறையும் துளிகளின் சிதறலுக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். முன்பு வெளியான ஆய்வக அளவீடுகளை ஒன்றுதிரட்டி, துளியின் அளவையும் வெப்பநிலையையும் கொடுத்தால் சில்லுகளின் எண்ணிக்கை வரும்படி செய்தது அதன் ஒரு பகுதி. பெரிய பனித் துகளோடு மோதும் துளிக்குத் தனி வழி வைத்தது இன்னொரு பகுதி. மாடல் எழுதுபவர்களுக்கு இது பெரிய உதவி. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்று இருக்கிறது. யாராவது செய்தே ஆகவேண்டிய வேலை, செய்தார்கள்.

என் ஆட்சேபம் திரட்டிய விதத்தில். இப்படிப் பல ஆய்வகங்களின் அளவீடுகளைச் சேர்க்கும்போது சூத்திரத்துக்குள் அளவும் வெப்பநிலையும் போகின்றன. துளி தொங்கியதா, மிதந்ததா, விழுந்ததா என்பது போவதில்லை. அசையாத காற்றுக்கும் வீசும் காற்றுக்கும் இடையே இருந்த வித்தியாசம், வளைகோட்டைச் சுற்றிய சிதறலாக, அளவீட்டுப் பிழையைப் போல, மறைந்துபோகிறது. அது பிழை இல்லை, தகவல். பிறகு அந்தச் சூத்திரத்தை எடுத்து மாடலில் போடுபவர், அது தொங்கிய துளியின் வாரிசு என்பதை அறிய வழியே இல்லை.

பதிலுக்கு ஒருவர் சொல்லலாம்: விழும் துளியின் தரவை மட்டும் வைத்தால் புள்ளிகள் பத்து இருபதுக்குமேல் தேறாது, அதைவைத்து எந்த வளைகோடும் வரைய முடியாது. உண்மை. தொங்கும் துளியைத் தூக்கி எறிய நானும் சொல்லவில்லை. நிதானமாகப் பார்க்க, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை மாறாமல் வைக்க, அதைவிட வசதியான துளி கிடையாது. 1966-இல் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்ததும் தொங்கும் துளிதான். அந்த வசதிக்கான விலையை எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

நடைமுறையில் இது சின்ன வேலைதான். சிதறல் அளவீடுகளைத் தொகுக்கும் எந்த அட்டவணையிலும் அளவு, வெப்பநிலை, நீரின் தூய்மை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பத்திகள்: துளி எதில் நின்றது, காற்று என்ன வேகத்தில் கடந்தது, சுழல முடிந்ததா. பழைய கட்டுரைகள் பலவற்றின் செய்முறைப் பகுதியிலேயே இந்த விவரங்கள் கிடைக்கும். அந்தப் பத்திகளை நிரப்பிவிட்டு, அதே புள்ளிகளைக் காற்று வேகப்படி இரண்டாகப் பிரித்து மறுபடி வளைகோடு வரையட்டும். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இந்தக் கட்டுரையை நீங்கள் தாராளமாக மறந்துவிடலாம். 2020-இன் முடிவைப் பார்த்தால் விழாது என்றே நினைக்கிறேன்.